ஞாயிற்றுக்கிழமை அவசரம்

"நடப்பவருக்கு முதலில் வழிவிடுங்கள்." எங்கள் சைக்கிள் குழுவில் இந்த விதியை எழுதிய அட்மின் நான்தான்.

இன்று காலை பட்டினப்பாக்கத்தில் ஒற்றையடி மணல் பாதை. போன வார நேரத்தை முறியடிக்கும் வெறியோடு மிதித்துக்கொண்டிருந்தேன். எதிரே, தலையில் மீன் கூடையோடு ஓர் அக்கா வந்தார்.

நான் பிரேக்கை அழுத்தவில்லை. மணி அடித்தேன்.

அவர் முள்செடிக்குள் இறங்கி நின்றார். காலில் செருப்பில்லை. அப்போதுதான் நிறுத்தினேன்.

"சாரிக்கா."

"பரவால்ல நைனா, நீ போ. ஞாயித்திக்கெழமகூட லீவு உட மாட்றானுங்களா? இன்னா வேல?"

"டெலிவரிக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"பாவம், பாத்துப் போ."

குழு நண்பர்களே, விதி அப்படியே இருக்கட்டும். அட்மினை மட்டும் மாற்றிவிடலாமா?