பஞ்சுக்கு அந்தப் பக்கம்

பஞ்சுச் சுருளின் மேலுறையில் ஒரு வீட்டுப் படம் போட்டிருக்கும். கூரை முழுக்கப் பனி, சன்னலில் மஞ்சள் வெளிச்சம். வீட்டுக்குள்ளே இருக்கிற கதகதப்பு வெளியே போய்விடாமல் இருக்க, எங்கேயோ குளிர்தேசத்துக்காரன் கண்டுபிடித்த சாமான். அதைத்தான் நாங்கள் துபாயில், வெளியே இருக்கிற அனல் உள்ளே வராமல் இருக்க, வில்லாக்களின் கூரைக்கடியில் விரித்துக்கொண்டிருந்தோம். எந்தப் பக்கம் சூடு, எந்தப் பக்கம் குளிர் என்ற கவலையெல்லாம் பஞ்சுக்குக் கிடையாது. நடுவில் படுத்துக்கொண்டு இரண்டையும் பிரித்து வைக்கும்.

பஞ்சு என்று பேர்தான். கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்துச் செய்தது. தொட்டால் அரிக்கும், குளித்தால் இன்னும் அரிக்கும். அல் குசைஸில் நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் இன்சுலேஷன் ஆட்களின் துணி போட்ட வாஷிங் மெஷினை மற்ற ரூம்காரர்கள் தொடமாட்டார்கள். அதற்காக ஒருமுறை ஓர் ஆளின் சட்டையைப் பிடித்திருக்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை எழுதும்போதும் வருகிறது.

என் மனைவியின் தம்பி நான் இருந்த கம்பெனிக்கே வந்து சேர்ந்தான். நான் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றுதான் சொன்னேன். அரியலூர்ப் பக்கம் லாரியில் கிளீனராக இருந்தவனுக்குப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளை துபாயில் வேலைக்குப் போகிறார் என்று சொல்லித்தான் பெண் வீட்டில் ஒத்துக்கொள்ள வைத்தார்கள். அப்புறம் யார் சொல்லிக் கேட்பான்? ஒரு கம்பெனி மெடிக்கலில் கழித்துவிட்டது. வேறொரு ஏஜென்ட்டைப் பிடித்து எப்படியோ வந்துவிட்டான்.

வந்தது கோடையில். முதலில் மொட்டைமாடியில் தெர்மோகோல் பலகை ஒட்டுகிற வேலை கொடுத்தார்கள். ஒருநாள் காலையிலேயே கண் இருட்டிச் சரிந்துவிட்டான். பலகை அடுக்கின் மேல் விழுந்ததால் அடியில்லை. தண்ணீர் குடித்து எழுந்து உட்கார்ந்ததும், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று சொல்லி எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனோம்.

அவனுக்குத்தான் மனசு ஆறவில்லை. கேம்ப்புக்குத் திரும்புகிற பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, அன்ஃபிட்டுன்னு எழுதி திருப்பி அனுப்பிருவாங்களா?"

"ஒரு தடவ மயக்கம் வந்ததுக்கா அனுப்புவான்? போடா."

"இன்னொரு தடவ வந்தா?"

இன்னொரு தடவை வந்தால் அனுப்புவார்கள். அவன் போய் இறங்கினால் அந்தக் கல்யாணம் நிற்கும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் சூப்பர்வைசர் மலையாளி. நல்ல மனுஷன், அதைச் சொல்லியே ஆகவேண்டும். மயக்கம் போட்ட விஷயத்தை அவர் மேலே சொல்லவில்லை. மறுநாள் சைட்டில் அவனைக் கூப்பிட்டு, "நீ இனி வெயிலில நிக்க வேண்டாம். கூரைக்குள்ள போய்க்கோ," என்றார். எங்களுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அவன் அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, "இனிமே நிழல் வேலதான்க்கா," என்று சொன்னான்.

நிழல் என்றால் என்னவென்று சொல்கிறேன். அந்த வில்லாக்களில் ஒரு பகுதி மொட்டைமாடி, மீதிக்கு மேலே சரிவான ஓட்டுக்கூரை. ஓட்டுக்குக் கீழே இரும்புச் சட்டம், அதற்குக் கீழே ஜிப்சம் சீலிங். நடுவில் இருக்கிற இடத்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. சீலிங்கில் ஒரு சதுர ஓட்டை இருக்கும், ஏணி வைத்து அதன் வழியாக ஏறவேண்டும். ஏறியபின் இரும்பின் மேலேயே தவழவேண்டும். ஜிப்சத்தில் கால் வைத்தால் பொத்துக்கொண்டு கீழே போய்விடும். ஓடு காலையிலிருந்து குடித்த வெயிலையெல்லாம் உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் செங்கல் சூளையில் வேலை செய்தவன் நான். சூளைக்குக்கூட வாய் திறந்திருக்கும்.

கோடையில் நடுப்பகலில் வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். மொட்டைமாடி ஆட்கள் அந்த நேரத்தில் இறங்கிவந்து சுவரோரம் படுப்பார்கள். ஆனால் ஓட்டுக்கு அடியில் வெயில் விழாதே. வெயில் விழாத இடம் நிழல், நிழலில் வேலை பார்க்கலாம். இது எங்கள் கம்பெனியின் கணக்கு. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நாங்களும் பேசாமல் இருந்தோம்.

ஒல்லியானவர்கள்தான் மேலே போவார்கள். எனக்குத் தொப்பை, அதனால் ஏணியடியில் நின்று சுருளை மேலே தள்ளுவது என் வேலை. அவன் ஓட்டைக்கு வந்து சுருளை வாங்கி, இழுத்துக்கொண்டு மூலைக்குப் போவான். முகம் தெரியாது என்பதால் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கவேண்டும், அது தொழில் வழக்கம். ஆனால் இந்தப் பஞ்சு சூட்டை மட்டுமா தடுக்கும்? சத்தத்தையும் தின்றுவிடும். முதல் சுருள் விரிக்கும்போது மேலே இருப்பவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். விரிக்க விரிக்கக் குரல் அமுங்கிக்கொண்டே போகும். சூப்பர்வைசர் கீழே அறை அறையாக நின்று காது கொடுத்துக் கேட்பார். குரல் தெளிவாகக் கேட்டால் எங்கோ இடைவெளி விட்டிருக்கிறான் என்று திட்டு விழும். கேட்காவிட்டால் வேலை சுத்தம்.

அன்றைக்கு ஒரு பெரிய வில்லா. மாடி அறையில் ஏ.சி. எவ்வளவு ஓடினாலும் குளிர்ச்சி நிற்கவில்லை என்று வீட்டுக்காரம்மா புகார் சொல்லியிருந்தார். நடுப்பகல். அவன் மேலே நல்ல பேச்சாக இருந்தான். பெண் வீட்டில் போன் நம்பர் கொடுத்துவிட்டார்களாம்.

"என்னடா பேசுன?"

"சாப்டியான்னு கேட்டேன் மாமா."

"அப்புறம்?"

"அவளும் சாப்டியான்னு கேட்டா."

சிரித்தான். அடுத்த சுருளை வாங்கிக்கொண்டு கடைசி மூலைப் பக்கம் போனான். அங்கிருந்து ஏதோ சொன்னான், பாதி புரிந்தது. அப்புறம் முனகல் மாதிரி வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. சூப்பர்வைசர் வந்து காது கொடுத்துப் பார்த்தார்.

"பாருங்க சார், சத்தமே வரல," என்றேன். "பய தொழில் பழகிட்டான்."

அவர் தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அடுத்த சுருளை ஓட்டைக்குள் சொருகி வைத்தேன். அதை யாரும் வாங்கவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லாதது புதிதில்லை. மறுபடி கூப்பிட்டேன். பிறகு எனக்கே என்னவோ செய்ய, தொப்பையை இழுத்துக்கொண்டு எப்படியோ உள்ளே ஏறினேன். இரண்டு இரும்புக்கு நடுவே, விரித்த பஞ்சின் மேல் குப்புறக் கிடந்தான். தொட்டேன். ஒரு பொட்டு வியர்வை இல்லை. உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லாகச் சுட்டது.

அந்த ஓட்டை வழியாக ஒரு ஆளை இறக்க முடியாது. சூப்பர்வைசர் யாரையும் கேட்கவில்லை. கீழேயிருந்து கம்பியால் சீலிங்கை உடைத்தார். வீட்டுக்காரம்மாவின் படுக்கையறைக்குள் நேராக இறக்கினோம். அந்த அறை அவ்வளவு குளிராக இருந்தது. தரையில் கிடத்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். வீட்டுக்காரம்மா பிரிட்ஜிலிருந்து ஐஸ் கொண்டுவந்து தன் கையாலேயே அவன் கழுத்தில் வைத்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

என் மனைவிக்கு நான்தான் சொன்னேன். அவள் அழுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வெயில்ல நிக்க வச்சாங்களா?"

"இல்லடி. வெயில்ல இல்ல."

"அப்புறம் எப்படிங்க?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. இரக்கப்பட்டுத்தான் அவனை உள்ளே அனுப்பினார் அந்த மலையாளி. உடல் ஊருக்குப் போன பிறகு, ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் முகத்தைப் பார்க்க முடியாமல் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வில்லாவில் வேலை பாக்கி இருந்தது. உடைத்த சீலிங்கை மூடிவிட்டார்கள். அதற்கு மேலேயும் மூலையிலும் பஞ்சு விரிக்கவேண்டும். நான் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு எவனும் அங்கே போகக்கூடாது என்று கத்தினேன், விட்டுவிட்டார்கள். ஏணியடியில் ஒரு வயதான வங்காளியை நிறுத்தினார்கள்.

விடிந்த உடனே ஏறினேன். உடைத்த இடம் போக, அவன் விரித்தது அப்படியே இருந்தது. இரும்புச் சட்டம் வளைகிற இடத்திலெல்லாம் கத்தியால் அளவாக நறுக்கிச் சேர்த்திருந்தான். விரல் நுழைய இடமில்லை. நான் உடைத்த இடத்தையும் மூலையையும் முடித்தேன். முடித்ததும் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. அவன் கிடந்த இடத்தில் அதே மாதிரி குப்புறப் படுத்தேன். படுத்துக்கொண்டு, "மாமா," என்று கூப்பிட்டேன். பிறகு தொண்டை கிழிய, "மாமா, மாமா," என்று கத்தினேன். நான் கத்துவது எனக்கே பக்கத்து வீட்டில் யாரோ கத்துவது போலிருந்தது.

இறங்கி வந்து வங்காளியிடம், ஏதாவது கேட்டதா என்று இந்தியில் கேட்டேன். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. சீலிங்கை அண்ணாந்து பார்த்துவிட்டு, திருப்தியாகக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"குச் நஹி, பாய். பஹுத் அச்சா காம்."

ஒன்றுமே கேட்கவில்லை, ரொம்ப நல்ல வேலை. அவன் என்னைக் கூப்பிட்டிருப்பான். நான் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன்.