அத்தை பறித்த கள்ளிப்பழம்

கோடை விடுமுறை முடிந்து என் மகள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவள் உதடு, நாக்கு, பல்லிடுக்கு எல்லாம் ஒரே சிவப்பு. பதறிப்போய் முகவாயைப் பிடித்துத் திருப்பினேன்.

"ரத்தமில்லம்மா, சப்பாத்திக்கள்ளிப் பழம். அத்தை பறிச்சுக் குடுத்தாங்க."

அத்தை என்றால் என் கணவரின் அக்கா. விராலிமலைப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். கல்லூரிக்குப் போகும் பையன்கள் இரண்டு பேர் அவருக்கு இருக்கிறார்கள். அது போதாதா, என் மகளும் வேண்டுமா என்று எனக்குள் எரியும். ஆனாலும் புதுக்கோட்டையில் எனக்கு வேலை. கோடையில் லீவு கிடைக்காது. அங்கே அனுப்புவதை விட்டால் வழியில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அத்தை புராணம்தான். அத்தை இடுக்கியால் பழத்தைப் பிடித்து முறுக்குவாராம். மண்ணில் போட்டு வேப்பங்கொத்தால் உருட்டித் தேய்த்தால் மேலிருக்கும் பொடிமுள் சுணை போய்விடுமாம். நடுவில் இருக்கும் முள்ளை எடுத்துவிட்டுத்தான் தின்ன வேண்டுமாம். கள்ளி மடலைக்கூட நெருப்பில் வாட்டி ஆட்டுக்குப் போட்டாராம். நான் ஆசையாகக் கரைத்த மாம்பழ ஜூஸை ஒரு வாய் குடித்துவிட்டு, "அத்தை போடுற கள்ளிப்பழ ஜூஸ் ரோஸ் கலர்ல இருக்கும்மா" என்று டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டியை எடுத்தேன். சித்தன்னவாசல் போகும் வழியில் வேலியோரம் கள்ளி காய்த்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சமையலறை இடுக்கியால் நான்கைந்து பழங்களைப் பறித்து, துண்டால் துடைத்தேன்.

"மண்ணுல உருட்டணும்மா."

"எனக்குத் தெரியும்."

அடுத்த நிமிடம் விரலெல்லாம் சுருக்கென்றது. கண்ணுக்கே தெரியாத முட்கள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மகள் என் போனில் அத்தையைக் கூப்பிட்டுவிட்டாள்.

"ஏத்தா, வெறுங்கையால தொட்டியா? தேய்க்காத, உள்ள போயிரும். வீட்டுக்குப் போயி டேப்ப ஒட்டி உரிச்செடு."

"சரிங்கண்ணி" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

டேப்பில் முள் வந்துவிட்டது. அது வேறு எனக்குக் கோபம். ஆனால் மகள் என் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக ஒட்டி, உரித்து, ஊதி, "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். எல்லாம் போன பிறகும், "இங்க ஒண்ணு இருக்கு பாரு" என்று விரலை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

"அடுத்த லீவுக்கு நீயும் வாம்மா. அத்தை ஒனக்குச் சொல்லித் தருவாங்க" என்றாள்.

இந்த வருஷம் மேலதிகாரியிடம் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு நானும் போனேன். வேலியோரத்தில் அவர்கள் இருவரும் முன்னால் நடக்க, நான் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். எதைக் கண்டாலும் அத்தை, அத்தை என்றுதான் மகள் கத்தினாள். அண்ணி முதல் பழத்தைத் தேய்த்து, பிளந்து, முள்ளை எடுத்துவிட்டு என்னிடம்தான் நீட்டினார்.

"தின்னு பாரு. எப்புடி இருக்கு?"

தேனாக இனித்தது.

"கொஞ்சம் புளிப்பாத்தான் இருக்குங்கண்ணி" என்றேன்.