நடைபாதையிலிருந்து பார்த்த ஊர்வலம்

அந்த ஊர்வலத்துக்கு நான் கொடி பிடிக்கப் போகவில்லை, வேவு பார்க்கப் போனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷம் கழித்து அதற்கு மெருகு போட்டு என்ன ஆகப் போகிறது? மனைவியிடம் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு, வயிற்றெரிச்சலோடு திருவொற்றியூரில் பஸ் ஏறி மெரினாவில் இறங்கினேன். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மணி நாலாகியும் வெயில் இறங்கவில்லை. ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் திருநங்கைகளும் கொடியோடு பட்டப்பகலில் கூட்டமாக நடக்கப் போகிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒன்றை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான் வேவு பார்க்கப் போனது அவனை. அவன் காசிமேட்டில் விசைப்படகு ஆள். நான் எர்ணாவூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எங்களுக்குள் பத்து வருஷப் பழக்கம். பழக்கம் என்பது என் வார்த்தை. அவன் வேறு வார்த்தை சொல்ல வாயெடுத்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ஊர் கண்ணுக்கு நாங்கள் தோஸ்துகள். நடுவில் எனக்கு வீட்டில் பெண் பார்த்தார்கள், கட்டிக்கொண்டேன். அவன் கட்டிக்கொள்ளவில்லை. என் கல்யாணப் பந்தியில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளி தூக்கியது அவன்தான்.

படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாலைந்து நாள் கடலில் தங்கிப் பிடித்துவிட்டுக் கரைக்கு வந்தால், கூலி ஒரு பக்கம் இருக்க, குழம்புக்கென்று ஆளுக்குக் கொஞ்சம் மீன் எடுத்துக்கொள்வார்கள். அதை விற்க மாட்டார்கள், அது வீட்டுக்குப் போகிற மீன். அவன் அதை இரண்டு பையாகப் பிரிப்பான். ஒன்று அவன் அக்கா வீட்டுக்கு, இன்னொன்று என் வீட்டுக்கு. என் கல்யாணத்துக்குப் பிறகும் ஆறு வருஷமாக அந்தப் பை தவறியதில்லை. சங்கரா, நெத்திலி, அதிர்ஷ்டம் இருந்தால் நண்டு. "அண்ணன் வந்துட்டாரு" என்று என் மனைவி அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்காருவாள். அவனுக்கு நான் யார் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பைதான்.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போய்த் திரும்பியது. பை வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மீன் வேறு வீட்டுக்குப் போகிறது.

எந்த வீடு என்றும் நானே முடிவு செய்துவிட்டேன். தடைக்காலத்து நாற்பத்தைந்து நாளும் படகு கரையில் கிடக்கும். வருஷா வருஷம் அது எனக்கான காலம். அந்த வருஷம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையானால் அவன் அடையாறு பக்கம் ஏதோ கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். நம்மைப் போன்றவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றான். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் சிநேகிதமாகிவிட்டார். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வெள்ளைத் தோல், நல்ல இங்கிலீஷ். கண்ணாடி அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார் என்று எந்நேரமும் அவர் புராணம். கண்ணாடிக்கு வஞ்சிரம் என்றால் உயிர் என்று ஒரு நாள் சொன்னான். எனக்கு அது போதும்.

ஊர்வலத்துக்கு முதலில் கூப்பிட்டது அவன்தான்.

"பீச்சாண்ட நடக்கறோம். நீயும் வாடா."

"டிவிக்காரன் வருவான். கம்பெனில தெரிஞ்சா நாறிடும்."

"முகமூடி குடுக்கறாங்கோ. போட்டுக்கோ."

"எனக்குப் பொண்டாட்டி கீது."

"தெரியும். அத்த நீ எனக்கு சொல்லத் தேவல" என்றான்.

இப்போது நான் சுண்டல் வண்டிக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலர் காகித முகமூடியைக் காதில் மாட்டியிருந்தார்கள். வானவில் நிறத்தில் நீளமான கொடி ஒன்றைப் பத்துப் பதினைந்து பேர் ஓரம் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு அம்மா, பட்டுப்புடவை கட்டி, தன் பிள்ளையை நினைத்துப் பெருமைப்படுவதாக எழுதிய அட்டையைப் பிடித்திருந்தார். பக்கத்தில் அந்தப் பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் திறந்து அம்மாவிடம் நீட்டினான். அவன் முகத்தில் ஒரு அலட்சியம் இருந்தது. அம்மா என்றால் வரத்தானே செய்வார் என்கிற மாதிரி. எனக்கு அவனைப் பிடித்து நாலு அறை விடவேண்டும் போல இருந்தது.

நான் தேடி வந்தவன் முகமூடி போடவில்லை. தீபாவளிச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தான். கண்ணாடி வந்தார். ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கை விரலால் கன்னத்தில் சாயம் தடவினார். சிவப்பு, மஞ்சள், பச்சை. அவன் கூச்சப்பட்டுச் சிரித்தான். பத்து வருஷத்தில் வெளிச்சத்தில் நான் அந்தத் தாடையைத் தொட்டதில்லை. கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை அப்படியே கசக்கினேன்.

பறை அடித்தார்கள். அவன் ஆட ஆரம்பித்தான். எங்கள் பக்கத்து ஆட்டம், லுங்கியில்லாமல் பேண்ட்டில் ஆடினான், அவ்வளவுதான் வித்தியாசம். அடையாறுக்காரர்கள் வட்டம் கட்டிக் கைதட்டினார்கள். அவர்களுக்கு அவனைப் பிடித்துப் போய்விட்டது. எனக்கு அவர்கள் எல்லோர் மீதும் பொறாமை, முகமூடி போட்டவர்கள் மீதும்கூட. அவர்களாவது ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு சுற்று ஆடித் திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, அந்தப் புத்தி அவனுக்கு உண்டு. நடைபாதை ஓரத்துக்கு வந்து நின்றான்.

"ஓவர்டைம் முடிஞ்சிச்சா?"

வீட்டில் நான் வழக்கமாகச் சொல்லும் பொய் அவனுக்குத் தெரியும். அவன் கையை நீட்டினான். "வா."

நாலு அடிதான் இருக்கும். கொஞ்சம் தள்ளி ஒருவன் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான். நான் பஸ் ஸ்டாப்புக்கும் போகவில்லை. காற்று வாங்க வந்தவனைப்போல நடைபாதையில் ஊர்வலத்தின் கூடவே கடைசி வரைக்கும் நடந்தேன்.

திரும்பும்போது ஒரே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட். பாரிமுனை தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"கண்ணாடி நல்லா தடவி வுட்டாரு போல."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"வஞ்சிரம் எத்தினி கிலோ குட்த்த அவருக்கு?"

"இன்னா வஞ்சிரம்?"

"என் வூட்டுக்கு வர்ற பை எங்க போவுது?"

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"அவரு கூட வெள்ள சட்ட போட்டுகினு ஒருத்தரு வந்தாரே, பாத்தியா? அவர்தான் அவரு ஆளு. ஒரே வூட்ல பன்னெண்டு வருஷமா கீறாங்கோ."

நியாயமாக என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். இன்னும் எரிந்தது. ஒரே வீட்டில் பன்னிரண்டு வருஷம்.

"அப்ப மீனு?"

"ரெண்டு பையும் அக்காவுக்குத்தான் போவுது."

"ஏன்?"

"உன் பொண்டாட்டி அது சித்தி பொண்ணு போட்டோவ என்கிட்ட காட்டிச்சே. நெனப்பு கீதா? நீ அத்த வாங்கிப் பாத்துட்டு இன்னா சொன்ன?"

எனக்கு மறந்தே போயிருந்தது. அவன் கேட்டபிறகு ஞாபகம் வந்தது. நல்ல பொண்ணு, கட்டிக்கோடா, எத்தனை நாள் ஒண்டியாக இருப்பாய் என்று சொல்லியிருந்தேன். மனைவிக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று சொன்னது. சாமர்த்தியமாகப் பேசினோம் என்று அன்றைக்கு உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

"ஆறு வருஷமா உன் வூட்டுக்கு மீனு எட்த்துகினு வர்றேன். வாசல்லயே குட்த்துட்டுப் போறேன். உள்ள நீங்க ரெண்டு பேரும் உக்காந்து துன்னுவீங்கோ. எனக்கு வயிறு எரியாதா? நான் ஒரு நாளாவது கேட்டனா?"

காசிமேடு வந்தது. எழுந்தான். கன்னத்தில் சாயம் அப்படியே இருந்தது. பஸ்ஸில் நாலு பேர் அவனைப் பார்த்தார்கள். அவன் பாட்டுக்கு இறங்கிப் போனான்.

வீட்டில் மனைவி சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு.

"இன்னாங்க, சித்தி போன் பண்ணாங்கோ. அந்த போட்டோவுக்கு அண்ணன் இன்னா சொன்னாரு?"

"வேணாமாம்."

"ஏன், பொண்ணுக்கு இன்னா கொறச்சல்?"

"அவனுக்கு ஏற்கெனவே ஆள் கீது."

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அய்ய, சொல்லவே இல்ல பாரு. எத்தினி நாளா?"

"பத்து வருஷமா."

"பத்து வருஷமா ஒருத்திக்கோசரம் கட்டிக்காம கீறாரா?" அவள் குரல் இறங்கிவிட்டது. குழம்பை ஊற்றிக்கொண்டே, "எவளோ, குடுத்து வெச்சவ" என்றாள்.

தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அந்த எவளோ மீது எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது.