ஆறு இஞ்சிச் சீமெந்து

எட்டு வயதில் நான் ஒரு மேசனின் வேலையை நிறுத்தினேன். எங்கள் குடும்பத்தில் என் பிடிவாதத்துக்குச் சாட்சியாக இன்றைக்கும் அதைத்தான் சொல்வார்கள். பெரியம்மா சொல்லும்போது மேசன் இரண்டு பேராகிவிடுவார், நான் அவர்களைக் கடித்ததாகவும் வரும். நான் யாரையும் கடிக்கவில்லை. படுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஆனியில் அம்மா ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டார். கல்முனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் கொஞ்சம்தான். இறந்தவர்களை அடக்கம் செய்யும் சேமக்காலை கோயிலுக்குப் பின்னால், கடற்கரை மணலில் இருக்கிறது. பெட்டியை இறக்கும்போது சுவாமி, இது முடிவல்ல, கடைசி நாளில் இவர் எழும்புவார், அதுதான் நமது நம்பிக்கை என்று சொன்னார். குழி வெட்டியவர் கால்மாட்டைக் கடல் பக்கம் வைக்கச் சொன்னார். எழும்பும்போது முகம் கிழக்கே பார்க்க வேண்டுமாம். பெரியவர்கள் எல்லாம் அழுதுகொண்டிருந்தார்கள், நான் விபரங்களை மனதில் குறித்துக்கொண்டிருந்தேன். எழும்புவது நிச்சயம், எந்தப் பக்கம் பார்த்து என்பதும் தெரிந்துவிட்டது. எந்த நாள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஆயத்தமாக இருப்பது என் பொறுப்பானது. அம்மாவை வெறுங்காலோடுதான் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த மணலோ காலை பத்து மணிக்கே பொசுக்கும். அம்மாவின் நீலச் செருப்பை எடுத்துக்கொண்டுபோய்க் கால்மாட்டில், இராவணன் மீசைப் புல்லுக்குள் வைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பாவுக்குச் சம்மாந்துறையில் அரிசி ஆலையில் வேலை. தலையெல்லாம் தவிட்டோடு பொழுதுபடும் நேரம் சைக்கிளில் வருவார், சோறு காய்ச்சுவார், கதைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். அதை யாராவது களவெடுத்துவிடுவார்கள் என்ற பயம் போலும் என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய வாய்ப்பாட்டை ஒப்புவிப்பேன். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

ஐப்பசியில் மட்டக்களப்பிலிருந்து பெரியம்மா வந்தார். மாரி தொடங்கினால் மண் கரைந்து ஓடிவிடும் என்றார். மரித்தோர் திருநாளுக்கு ஊரில் எல்லாக் கல்லறையும் வெள்ளையடித்து நிற்கும்போது தன் தங்கச்சி மட்டும் வெறும் மண்ணாகக் கிடப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சீமெந்து, கம்பி, ரோசா நிற மாபிள் எல்லாம் வந்து இறங்கின. அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை நற்பிட்டிமுனையிலிருந்து மேசன் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து சீமெந்து குழைக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் குந்திக்கொண்டு, மேலே போடுவது எவ்வளவு தடிப்பு என்று கேட்டேன். ஆறு இஞ்சி என்றார்.

“உள்ளுக்க இருந்து ஒராள் தூக்க ஏலுமா?”

வேலையின் உறுதியைச் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். “நாலு ஆம்பிளை சேந்தாலும் அசைக்க ஏலா புள்ள” என்றார் பெருமையாக.

நான் போய் அம்மாவின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். பெரியம்மா கெஞ்சினார், ஏசினார், கையைப் பிடித்து இழுத்தார். என்னோடு சேர்ந்து மண்ணும் வந்ததால் பயந்து விட்டுவிட்டார். கடைசியில் ஆலைக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து அப்பாவை வரவழைத்தார். அப்பா சைக்கிளைக் கோயில் வாசலிலேயே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

“என்ன மகள்?”

“அம்மாவால அதத் தூக்க ஏலாதப்பா.”

சுவாமி சொன்னதன் அர்த்தம் அப்படியல்ல என்று பிள்ளைக்கு விளங்கப்படுத்துங்கள் என்று பெரியம்மா அவசரப்படுத்தினார். அப்பா புல்லுக்குள் கிடந்த செருப்பைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் மேசனிடம், “மூட வேணாம் தம்பி. மண்ணாவே கிடக்கட்டும்” என்றார்.

மேசன் கோபிக்கவில்லை. எங்கட ஆக்களும் மையத்தை அடக்கி மேலே மண்தான் போடுவது என்று சொல்லிப் பெரியம்மாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். பெரியம்மாவுக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்ததுபோல ஆனது. குழைத்த சீமெந்தை வீணாக்க மனமில்லாமல் மேசன் சேமக்காலை வாசலில் ஒரு படி கட்டிவிட்டுப் போனார். கம்பி போட்டுக் கட்டிய வாசற்படி ஊரிலேயே அது ஒன்றுதான் இருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது, அம்மா எப்போது எழும்புவார் என்று அப்பாவிடம் கேட்டேன். “எனக்குத் தெரியாது மகள்” என்றார். அவருக்கு இதில் அக்கறையே இல்லை, என் பிடிவாதத்தை அடக்கத்தான் மேசனைத் திருப்பி அனுப்பினார் என்று முடிவுகட்டினேன். அம்மாவுக்காகக் காத்திருப்பது நான் ஒருத்திதான் என்ற எண்ணம் அன்றிரவு பசியைவிட மோசமாக இருந்தது.

அடுத்த வருடம் செருப்பில் ஒன்றை நாய் இழுத்துக்கொண்டு போனது. மற்றதன் வார் வெயிலில் வெடித்துப்போனது. பதினொரு வயதில் படிப்புக்காகப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே மறைக்கல்வி வகுப்பில், உயிர்த்தெழுவது என்றால் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும்பி வருவதல்ல என்று விளங்கியது. வெட்கமாக இருந்தது. செருப்பைப் பற்றிப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை, அப்பாவிடம்கூட.

போன நவம்பரில் ஊருக்குப் போய், மெழுகுதிரிகளோடு சேமக்காலைக்குப் போனேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. இப்போதும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வெளியேதான் நின்றார். மேசனின் படியில் ஒரு வெடிப்பும் இல்லை. வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே அம்மாவின் மண் புதிதாகக் குவிந்து, கையால் தட்டிச் சமப்படுத்தப்பட்டிருந்தது. அது அப்பாவின் வேலை, ஒவ்வொரு மாரிக்கும் செய்வார் என்பது எனக்குத் தெரியும்.

மெழுகுதிரி வைக்கக் குனிந்தபோதுதான் கால்மாட்டில், புல்லுக்குள், நீலமாக ஏதோ தெரிந்தது. புதுச் செருப்பு. அம்மாவின் அளவு. நான் விட்டுப்போன பிறகு இது எத்தனையாவது சோடி என்று எனக்குத் தெரியவில்லை. முன்பக்கம் கடலைப் பார்க்க, கால் நுழைப்பதற்கு வசதியாக அப்பா சேர்த்து வைத்திருந்தார். இரண்டையும் பிணைத்துக் கடையில் கட்டித் தரும் நூலை மறக்காமல் அறுத்துவிட்டிருந்தார்.