பிரேக்கு பொருத்திய மணி

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லாருக்கும் அவள் பிரேக்கு. பிடிக்காத ஆள் கடைக்கு வந்தால் சக்கர நாற்காலியின் இரண்டு சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுக்கடையில் நின்றுவிடுவாள். அப்புறம் அவளை நகர்த்த கிரேன்தான் வர வேண்டும். கடை அண்ணனுடையது, வேலை அவளுடையது. சின்ன வயதிலேயே இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கோபம் மட்டும் இடுப்புக்கு மேலே இரண்டு ஆளுக்கு ஆகிற மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடப் போவாள். டயர் கிடங்குக்குப் பின்னால் பலகைத் தரை போட்ட ஒரு கூடம். நடக்கிறவர்கள், உருள்கிறவர்கள், கண் தெரியாதவர்கள், தெரிந்தும் இடித்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆடுகிற குழு அது. காது கேட்காத ரொட்டிக்கடைக்காரர் அவளுக்கு ஜோடி. எல்லாருக்கும் அவர் வெறும் ரொட்டி. அவருக்காக ஸ்பீக்கரைத் தரையில் கவிழ்த்து வைப்பார்கள். தாளம் பலகை வழியாக அவர் வெறுங்காலில் ஏறும். பேச்செல்லாம் கையால்தான். கையில் மாவு ஒட்டியிருக்கும் நாட்களில் அவர் பேச்சும் கொஞ்சம் பிசுபிசுக்கும்.

ஆட்டத்துக்கென்றே அவள் ஒரு வண்டி செய்தாள். பந்தய சைக்கிளின் பழைய சக்கரங்களைச் சாய்வாக மாட்டியது. தட்டினால் பம்பரமாகச் சுற்றும். அதில் உட்கார்ந்து ரொட்டியோடு ஆடுகிற நடு ஆட்டத்துக்காகத்தான் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஞ்சர் ஒட்டினாள்.

பெரிய மேடை ஒன்று கிடைத்தது. கிடைத்ததும் ஆட்டம் சொல்லித்தருகிற மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

“நடு ஆட்டத்துக்கு என் கொழுந்தியா உக்காரட்டும்மா. முறையா கத்துக்கிட்டவ. முகமும் எடுப்பா இருக்கும்.”

“அவங்க கால் நல்லாத்தானே இருக்கு, மாஸ்டர்?”

“நடிப்புதானேம்மா. நீ பின்வரிசையில இரு. உன் வண்டிய மட்டும் குடு.”

பிரேக்கு சிரித்தாள். அவளைத் தெரிந்தவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஓட்டம் பிடித்திருப்பார்கள். மாஸ்டர் நன்றி சொன்னார்.

முதலில் அச்சு நட்டைத் தளர்த்திவிடத்தான் நினைத்தாள். ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டாள். ஆனால் அந்த வண்டியின் முதுகில்தான் ரொட்டி மொத்தமாகச் சாய்வார். விழுந்தால் மூக்கு உடையும். ஏற்கெனவே அது பார்க்கச் சகிக்காத மூக்கு. ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

ஒத்திகையில் வழி கிடைத்தது. கொழுந்தியாள் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் தாளம் தொடங்கியதும் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. வருஷக்கணக்கில் ஆடிய கால், சொன்னால் கேட்குமா? மாஸ்டரும் பார்த்தார். “பாவாடைய நீளமா தச்சிடலாம்” என்றார்.

பிரேக்கு கால் வைக்கும் தகட்டில் துளை போட்டு, அடியில் ஒரு சைக்கிள் மணியைப் பொருத்தினாள். மணியின் நாக்கு சரியாகக் கட்டைவிரலுக்குக் கீழே. மேலே ஒரு ரப்பர் விரிப்பு. நிஜமாகவே அசையாத கால் என்றால் மணி மூச்சுவிடாது. அந்த அளவுக்கு அவள் நியாயஸ்தி.

அண்ணன் எட்டிப் பார்த்தார். “கால் வைக்கிற எடத்துல எதுக்குடி மணி?”

“வழிவிடச் சொல்றதுக்குண்ணே.”

நிகழ்ச்சியன்று அரங்கம் நிறைந்திருந்தது. நடு ஆட்டம் தொடங்கியது. டிரிங். கொழுந்தியாள் திடுக்கிட்டாள். டிரிங், டிரிங். முன்வரிசையில் ஒரு குழந்தை கத்தியது: “அம்மா, அந்த அக்கா கால் ஆடுது!” அரங்கமே சிரித்தது. பின்வரிசையில் பிரேக்குவுக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போதுதான் ரொட்டியைப் பார்த்தாள். அவருக்கு மணி கேட்கவில்லை. சிரிக்கிற வாய்கள்தான் தெரிந்தன. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நடுமேடையில் நின்றுவிட்டார். சட்டையைத் தடவினார். குனிந்து ஜிப்பைப் பார்த்தார்.

பிரேக்கு சக்கரத்தில் கை வைத்தாள்.

அதற்குள் கொழுந்தியாள் எழுந்து, பாவாடையை அள்ளிக்கொண்டு, விறுவிறுவென்று நடந்தே போய்விட்டாள். கூட்டம் வாயைப் பிளந்தது. பிரேக்கு தன் பழைய வண்டியில் உருண்டு முன்னால் வந்தாள்.

“உங்களப் பாத்து சிரிக்கல. ஆடுங்க” என்று கையால் சொன்னாள்.

அவர் காலை ஊன்றித் தாளத்தைத் தேடிப் பிடித்தார். அவள் முதுகுப் பக்கம் சாய்ந்தார். ஆளில்லாத பந்தய வண்டி வேடிக்கை பார்க்க, இருவரும் ஆடி முடித்தார்கள்.

திரைக்குப் பின்னால் மாஸ்டர் கொதித்தார். “நீதானே?”

“நானேதான். வண்டி என்னுது.”

“என் மானமே போச்சு!”

“நடிப்புதானே, மாஸ்டர்.”

ரொட்டியிடம் அப்படி வாயடிக்க முடியவில்லை. மணியைக் காட்டினாள், செய்ததைச் சொன்னாள், மன்னிப்புக் கேட்கக் கையைத் தூக்கினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். காது கேட்காதவர் கண்ணையும் மூடிக்கொண்டால் கதவைச் சாத்தின மாதிரி. கை வலிக்கக் கெஞ்சினாலும் போய்ச் சேராது.

பிரேக்கு முன்சக்கரத்தைத் தூக்கித் தரையில் இடித்தாள். தொம். தொம். பலகை அதிர்ந்தது. அவர் கால்விரல்கள் சுருங்கின. விடாமல் இடித்தாள், ஒரு கண் திறக்கிற வரைக்கும்.

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க” என்றன அவர் கைகள். “உன் எடத்துல அவள உக்கார வெச்சப்ப எனக்கும்தான் வயிறு எரிஞ்சுது. என்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் பந்தய வண்டிக்கு மாறி உட்கார்ந்தாள். தகட்டுக்கு அடியிலிருந்து மணியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் நாக்கைத் தட்டிவிட்டு, கையில் அது அதிர்வதை ரசித்தார். பிறகு கூடத்திலிருந்து மாஸ்டர் தனக்கென்று கொண்டுவரச் சொன்ன மர நாற்காலியை வெகுநேரம் பார்த்தார்.

“அதுல துளை போட முடியுமா?”

“போடலாம்” என்றாள் பிரேக்கு. “இந்தத் தடவை நீங்க போடுங்க.”