இருபது கிலோ மணல்

வீதி வேலைகளுக்கு மண்ணும் கொங்கிறீற்றும் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் நான் தொழினுட்ப உத்தியோகத்தர். மண் கொட்டி, றோலர் ஓட்டி முடிந்த இடத்தில் அந்த மண் போதிய அளவுக்கு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. இறுகிய மண்ணில் சிறு குழி தோண்டுவோம். தோண்டி எடுத்த மண்ணை நிறுத்து, அதில் எவ்வளவு ஈரம் என்றும் பார்ப்போம். பிறகு நன்றாக உலர்ந்த மணலைக் குழிக்குள் நிரப்பி, எவ்வளவு மணல் போனது என்பதை வைத்துக் குழியின் கனவளவைக் கணக்கிடுவோம். சொல்லும்போது சின்ன வேலை. ஆனால் அந்த மணல், இரும்பு உருளை, தட்டு, தராசு, உளி, சுத்தியல் எல்லாவற்றையும் வாகனம் நிற்கும் இடத்திலிருந்து குழி தோண்டும் இடம் வரை சுமக்க வேண்டும். இரண்டு பேர் போனால் என் பங்கு இருபத்தைந்து கிலோவுக்குச் சற்று மேலே வரும்.

மகன் பிறந்து ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். இரண்டாம் கிழமையே வெளிக்களத்தில், வாகனத்திலிருந்து மணல் நிரப்பிய பிளாஸ்டிக் கானை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. வீதி வேலையாட்கள் தறப்பாள் ஒன்றை விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். நல்ல மனிதர்கள், யாரும் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி முக்கால் மணித்தியாலம் வீதியோரத்தில் கிடந்தேன்.

அதன் பிறகு மேசை வேலை. மற்றவர்கள் அளந்து வரும் எண்களைக் கட்டம் போட்டு எழுதி, கணக்குப் பார்த்து, அறிக்கையாக்குவது. ஆய்வுகூடப் பொறுப்பாளரான சேர் அதை நல்லெண்ணத்தோடுதான் தந்தார். காத்தான்குடிக்காரர், பேச்சில் இதமானவர், விதியில் இறுக்கமானவர். ஆவணி மாதம் என்னைக் கூப்பிட்டு, வாவியை ஒட்டித் தெற்கே ஒரு வீதிக்கு மண் நிரப்பும் வேலை வருகிறது என்றார்.

"தங்கச்சி, மாரி முடிஞ்சு மாசியில தொடங்குது. தை முடியிறதுக்குள்ள வெளிக்கள ஆக்கள்ட பேர் குடுக்கணும். உங்கட சாமானை நீங்களே தூக்குவீங்க எண்டா உங்கட பேரைப் போடுறன். இல்லாட்டி அந்த இடத்துக்குப் புதுசா ஆள் எடுக்கிற. பிறகு மாத்த ஏலாது, கோவிக்கப்படா."

கோபிக்க ஒன்றுமில்லை. நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். ஐந்து மாதம் இருந்தது.

என் கணவர் ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகத்தர். பெரியகல்லாற்றுக்காரர், எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தோடு நாவற்குடாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தவர். அவரோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனார். அந்தப் பெண் என்னைக் குனிய வைத்து, நிமிர வைத்து, ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒரு பிழையும் இல்லை, பிள்ளை பெற்ற உடம்பு பலமிழந்து போயிருக்கிறது, ஓய்வெடுத்தால் இன்னும் இழக்கும் என்றார். முதல் ஆறு கிழமை வெறும் உடம்போடு செய்ய வேண்டியவை, அதற்குப் பிறகு பாரத்தோடு செய்ய வேண்டியவை என்று இரண்டு பட்டியல் எழுதித் தந்தார். பட்டியலைக் கையில் வாங்கியதுமே எனக்குப் பாதி சுகம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று தேட, ஒரு நாளைக் கால் மணிக் கட்டங்களாகப் பிரித்தேன். காலையில் இடமே இல்லை: மகளைப் பாலர் பாடசாலைக்கு வெளிக்கிடுத்துவது, மகனுக்குப் பால், எனக்குப் பஸ். பிள்ளைகள் படுத்த பிறகு நேரம் உண்டு, நான்தான் இல்லை. நகரத்து ஜிம்மில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் மகனின் பசி நேரம். கடைசியில் பின்னேரத்தில் ஓர் இடைவெளி தென்பட்டது. சோற்றுக் குக்கரின் சுவிட்சை அழுத்தியதிலிருந்து அது மேலே எழும்பும் வரை இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தில் நான் குசினிக்குள் நின்று செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. கணவரின் கடமை அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, அவர் பின்னேரம் வீட்டில் நிற்கும் நாட்களில் கிழமைக்கு மூன்றைச் சிவப்பால் வட்டமிட்டேன். அந்த இருபத்தைந்து நிமிடமும் மகன் அவர் கையில்.

பாரத்துக்கு ஆய்வுகூடம் உதவியது. பரிசோதனைக்குத் தேவைப்படாமல் மிஞ்சும் கொங்கிறீற்றுக் கட்டிகள் அங்கே கதவுக்கு முட்டாகவும் பூச்சட்டிக்கு அடியிலும் கிடக்கும். ஒவ்வொன்றும் எட்டுக் கிலோவும் சொச்சமும். சேரிடம் கேட்டு இரண்டை எடுத்து, தடித்த துணிப் பைகளில் கைக்கொன்றாகப் போட்டேன். நிலத்திலிருந்து தூக்க ஒரு மூட்டை வேண்டும். உள்ளே பொலித்தீன் போட்ட உரப்பை ஒன்றில், கனலடுப்பில் உலர்த்திய மணலை ஆய்வுகூடத் தராசிலேயே நிறுத்து இருபது கிலோ கட்டினேன். ஊரில் யாருடைய வீட்டிலும் இவ்வளவு திருத்தமான மணல் மூட்டை இருந்திருக்காது.

எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. முதல் நாள் நான் கட்டிகளைத் தூக்கியபோது குசினி வாசலில் வந்து நின்றார்.

"புள்ள பெத்து வருசம் திரும்பல்ல. வயிறு இறங்கிப் போகும் மனே."

"அப்ப இவனையும் தூக்கப்படாதே அம்மா. இவனும் எட்டுக் கிலோதான்."

"அவன் புள்ள. இது கல்லு."

அடுத்த நாளே மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டார், உங்கள் மகள் ஏன் கல்லைத் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றி நடக்கிறாள் என்று கேட்க, டொக்டர் எழுதிக் கொடுத்த வைத்தியம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். எவ்வளவு காலம் செய்யவேண்டுமாம் என்று கேட்டதற்கு, சுகம் வரும் வரைக்கும் என்றாராம்.

ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டேன். ஒன்று கட்டிகள், மற்றது மூட்டை. கட்டிகளோடு குந்தி எழும்புவதும், அவற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து கேற் வரை நடப்பதும் முதல் நிரலில். மூட்டையை நிலத்திலிருந்து இடுப்பு வரை தூக்கி வைப்பது இரண்டாம் நிரலில். மகள் எண்ணுவாள். பன்னிரண்டுக்கு மேல் அவளுடைய எண்களுக்கு ஒழுங்கில்லை என்பதால் நான் மனத்துக்குள் தனியாக எண்ணுவேன். புரட்டாதியில் மூட்டை மூன்று தடவை எழும்பியது. ஐப்பசி முடியும்போது பத்து. அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து வரும்போது தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிலிருந்து வீடு வரை நடந்தேன். வீட்டுக்குள் வந்து அவளைக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் இடுப்பைப் பற்றி ஒருதரம்கூட நினைக்கவில்லை என்பது தெரிந்தது. கொப்பியில் அதற்கு நிரல் இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பிறகு மாரி தொடங்கியது. வளவில் நடக்க முடியாததால் கதிரைகளை ஒதுக்கி மண்டபத்துக்குள் நடந்தேன். மூட்டை மட்டும் பின் விறாந்தையிலேயே இருந்தது. அங்கே போய்த் தூக்கிவிட்டு வருவேன். கார்த்திகை நடுவில் பத்து எட்டானது. பிறகு ஏழு. மார்கழியில் ஐந்து.

காரணங்கள் என்னிடம் நிறைய இருந்தன. மகனுக்குப் பல் முளைத்தது. கணவரோடு வேலை செய்பவர்கள் இருவர் காய்ச்சலில் விழ, அவருக்கு அடுத்தடுத்து இரட்டைக் கடமை. நத்தார்ப் பண்டிகைக்கு வீடு கழுவி, திரை தைத்து, கேக் அடித்து முடித்தோம். எல்லாவற்றையும் ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு எழுதினேன். எழுதியதால் மூட்டை எழும்பவில்லை. ஐந்தாம் தடவையில் இடுப்பு அன்று வீதியோரத்தில் பிடித்தது போலவே பிடிக்கப் பார்த்தது. "நான் சொன்னன்தானே" என்று அம்மா சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நான் தூக்கும் நேரத்தில் எதிரே வராமல் ஒதுங்கிக்கொண்டார். அது இன்னும் சுட்டது.

நத்தார் முடிந்த கிழமை, மேசையிலேயே இருந்துகொள்கிறேன், புதிய ஆளை எடுங்கள் என்று சேருக்குக் கைபேசியில் ஒரு செய்தி எழுதினேன். அவர் விடுமுறையில் நின்றார். திங்கட்கிழமை அனுப்பலாம் என்று சேமித்து வைத்தேன்.

ஞாயிறு பின்னேரம், கொப்பியில் கடைசித் திகதியைப் போட்டு மூடிவிடலாம் என்று எடுத்தேன். இரண்டு நிரல்களையும் அப்போதுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூட்டை நிரல் இறங்கிக்கொண்டே போகிறது. கட்டி நிரல் மார்கழி முழுவதும் ஏறிக்கொண்டே வருகிறது. மண்டபத்துக்குள் ஆறு சுற்று நடந்தவள் பதினொரு சுற்று நடந்திருக்கிறேன். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கை. ஆய்வுகூடத்தில் இப்படி இரண்டு அளவுகள் ஒன்றையொன்று மறுத்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது அளந்த பொருளை அல்ல, அளந்த கருவியை.

எழும்பிப் பின் விறாந்தைக்குப் போய் மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். சில்லென்று மணிக்கட்டு வரை ஈர மணல். மேலே நிமிர்ந்து பார்த்தேன். மழைநீர் ஓடும் கூரைப் பீலியின் பொருத்து விலகி, நேராக மூட்டையின் வாய்க்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பை காற்றில் காய்ந்துவிட்டது. உள்ளே இருந்த பொலித்தீன் ஒரு சொட்டையும் வெளியே விடவில்லை.

அடுத்த நாள் கணவர் அதை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து ஆய்வுகூடத்தில் இறக்கினார். நிறுத்தேன். இருபத்துநான்கு கிலோவும் முந்நூறு கிராமும்.

கணவர் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்ட வேலையே மண்ணில எவ்வளவு ஈரம் எண்டு பாக்கிறதுதானே?"

"ஓம்."

"எத்தின வருசமா?"

"எட்டு."

அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் போனபோது தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. மணலை ஈரப்பட வைத்ததற்காகப் புதிதாக வருபவர்களை நான் எத்தனை தரம் ஏசியிருக்கிறேன் என்பதை நினைத்து எனக்கும் சிரிப்பு வந்தது. கைபேசியில் சேமித்திருந்த செய்தியை அழித்தேன்.

ஆனால் வெட்கத்தை விடப் பெருமைதான் கூட. நான் பலமிழந்து போவதாக நினைத்த மார்கழியில் உண்மையில் பாரம் கிழமைக்குக் கிழமை ஏறிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமல், தெரியாமல், இருபத்துநான்கு கிலோவை ஐந்து தடவை தூக்கியிருக்கிறேன். மணலை மீண்டும் உலர்த்தி இருபது கிலோ கட்டியபோது மூட்டை பதின்மூன்று தடவை எழும்பியது. அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். இரண்டு நாள் கழித்து மதிலடியில் அவருடைய குரல் கேட்டது. வைத்தியக் கதை கைவிடப்பட்டிருந்தது.

"இருபத்துநாலு கிலோ கா. எங்கட வீட்டு ஆம்புளையாலயும் ஏலா."

கணவர் உள்ளே கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். கேட்டும் கேளாதவர் போல் இருந்தார்.

தை மாதக் கடைசிக் கிழமை, சேர் பார்த்துக்கொண்டிருக்க என் பங்குச் சாமானை வாகனத்திலிருந்து இறக்கி, கொங்கிறீற்றுக் கட்டிகள் ஊறும் தொட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து, திரும்ப ஏற்றினேன். அவர் பாதியிலேயே உள்ளே போய்விட்டார். நான் உள்ளே போனபோது பட்டியலில் என் பெயர் எழுதியிருந்தது.

மாசியில் வேலை தொடங்கியது. எந்தெந்த இடத்தில் குழி தோண்டுவது என்பதை நாங்கள் விரும்பியபடி முடிவு செய்வதில்லை. குலுக்கல் போல எண்கள் எடுத்து, அவற்றின்படி இடங்களைக் குறித்துக்கொண்டு போவோம். முதல் நாளின் கடைசி இடம், கட்டி முடியாத மதகுக்கு அப்பால் இருந்தது. வாகனம் மதகோடு நின்றுவிடும். அதற்கு மேல், இடப்பக்கம் வாவி, வலப்பக்கம் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்கள், நடுவே புதிதாய்க் கொட்டிய மண்ணில் நடைதான்.

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு வந்தார்.

"அங்க ஏன் மிஸ் அவ்வளவு தூரம்? இங்கயும் அதே மண்தான், அதே றோலர்தான். சரி, போகத்தான் வேணுமெண்டா தூக்க ஆள் தாறன்."

வேண்டாம் என்றேன். அவருடைய ஆள் என் பாரத்தைத் தூக்கினால், எந்த இடத்தில் இறக்கி வைப்பது என்பதும் அவருடைய ஆளின் விருப்பம் ஆகிவிடும். இதை நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. முந்திய வருடங்களில், கை கடுக்கும் பின்னேரங்களில், குறித்த இடத்துக்குப் பத்து மீற்றர் இந்தப் பக்கமாகவே நானும் பாரத்தை இறக்கியிருக்கிறேன். பத்து மீற்றரில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லியுமிருக்கிறேன்.

அன்று இறக்கவில்லை. ஒரு கையில் மணல் கான், மறு கையில் உருளையும் தட்டும். கூட வந்தவர் தராசோடு பின்னால். நடுவில் ஒருமுறை மட்டும் வைத்து மூச்சு வாங்கினேன். குறித்த இடத்தில், நாடா பிடித்து அளந்து, சரியாக அதே இடத்தில் குழி தோண்டினேன். விடை வேண்டிய அளவுக்குக் கீழே வந்தது. சந்தேகம் தீரப் பக்கத்தில் இன்னொரு குழி. அதுவும் கீழே. மதகுக்கு இந்தப் பக்கம் எடுத்த நான்கும் நன்றாக இறுகியிருந்தன. அந்தப் பக்கத்தில் றோலர் போதிய சுற்று ஓடவில்லை.

மேற்பார்வையாளர் தாளை இரண்டு தரம் வாசித்தார். வாதாடவில்லை. மறுபடி உருட்டச் சொல்கிறேன் என்றார், முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். அடுத்த நாளும் அதே நடை. ஒரு குழி சரி வந்தது, மற்றது வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நாங்கள் மதகடிக்குப் போய் இறங்கும்போதே தூரத்தில் றோலரின் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே, மண் நிரப்பின் அந்தக் கடைசி முனையில் அது முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து, இன்றைக்கு அங்கே எல்லாம் சரியாக இருக்கும், மிஸ் நம்பலாம் என்றார். நம்புகிறேன் என்று சொல்லி, மணல் கானைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.