ஆடு இழுத்துப் பார்த்த முடிச்சு

கேனில் இன்னொரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அமலா இரண்டடி பின்னால் நகர்ந்து இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். வாசலில் தகரக் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாயிலிருந்து, சட்டென்று கண்ணுக்குப் புலப்படாத ஒரு நைலான் நரம்பில் குடிதண்ணீர் கேன் தொங்குகிறது. நரம்பின் நுனியில், கேனின் கைப்பிடியில் மாட்டிய ஒரு சாவி வளையம். நரம்பை வளையத்தோடு பிடித்திருப்பது அவள் போட்ட முடிச்சு. கேன் மெல்லச் சுற்றுகிறது. அவள் கண் முடிச்சை விட்டு அசையவில்லை.

"எப்டி நிக்குது பாரு!" என்கிறாள்.

"நிக்கட்டும்மா. காப்பிக்குத் தண்ணி மட்டும் அந்தக் கேன எறக்கினாத்தான் கெடைக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார் கணவர் கொர்னேலியஸ்.

கோலார்ப் பக்கம் ஆண்டர்சன்பேட்டையில், மணிக்கணக்காக ரயிலில் போனால்தான் கடலைப் பார்க்க முடிகிற ஊரில், கடல்மீன் தூண்டிலுக்கு முடிச்சுப் போட்டுப் பழகுகிற ஒரே ஆள் அமலாதான். வேலை, கனரக இயந்திரத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுவது. ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பி, அடையாள அட்டையின் பட்டை, கையில் கிடைக்கிற எதுவும் அவளுக்குத் தூண்டில் முள்தான். ஒருநாள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த, கூட வேலை செய்யும் சுனிதாவின் கைப்பை ஜிப்பில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டாள். பிளேடு வைத்து அறுத்த பிறகுதான் சுனிதாவுக்கு டிபன் டப்பா கிடைத்தது.

இறுக்குவதற்கு முன் முடிச்சை வாயில் வைத்து ஈரப்படுத்துவாள். "ஐயே, எச்சி பண்ணாம உனுக்கு ஒரு முடிச்சும் வராதா?" என்று சுனிதா முகம் சுளிப்பாள். "காஞ்ச நரம்ப இழுத்தா சூட்டுல வெந்துடும்டி. உன்ன மாதிரி அதயும் கொஞ்சம் கொஞ்சணும்" என்பாள் அமலா. சின்ன மீனுக்கு ஒரு முடிச்சு, இரண்டு நரம்பை இணைக்க ஒன்று, பாறைக்கு நடுவே வீச வேறொன்று. ஒவ்வொன்றின் குணத்தையும் சொந்தக்காரர்களின் குணம்போல விவரிப்பாள்.

எல்லாம் தூத்துக்குடியில் ஆரம்பித்தது. அக்கா நேசமணியை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்குப் போகும்போதெல்லாம் அக்காவின் கணவர் சூசை, அமலாவை அலைதடுப்புக் கல்லுக்குத் தூண்டில் போடக் கூட்டிப்போவார். "கிரேன்ல தூக்கறது இன்னான்னு மின்னாடியே எழுதி வெச்சிருப்பாங்க. இங்க கீழ இன்னா கீதுன்னே தெரியாது பாரு, அதான் குஷி" என்பாள் அமலா.

போன கிறிஸ்துமஸில் அந்தக் குஷிக்கு அடி விழுந்தது. அவள் தானே முடிச்சுப் போட்ட தூண்டிலில் ஒரு பெரிய பாரை மீன் மாட்டி, ஒரே வெட்டு வெட்டி இழுத்து, முள்ளோடு போய்விட்டது. மிஞ்சிய நரம்பின் நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தது. நரம்பு அறுந்திருந்தால் நுனி நேராக இருக்கும். சுருண்டால் முடிச்சு நழுவியது என்று அர்த்தம்.

"ஏட்டி கோலார்க்காரி, மல்லிப்பூவா கெட்டுன? இனிமே கம்பைப் பிடிச்சா போதும், முடிச்ச நான் கெட்டித் தாரேன்" என்று சூசை சிரித்தார்.

அங்கேயே அமலா ஒரு சபதம் போட்டாள். "என் முடிச்சுல ஒரு மீன் ஏறுற வரைக்கும் என் வீட்டுச் சட்டியில மீன் வேகாது மாமா!" சபதம் அவளுடையது, பட்டினி கொர்னேலியஸுடையது. அவர் கடைத்தெருவில் ரகசியமாக வறுத்த மீன் தின்றுவிட்டு, ஏலக்காய் மென்றபடி வீடு வருவார். ஏலக்காய் வாசனை வந்தாலே அமலாவுக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் இந்த டிசம்பரில் கேன் தொங்குகிறது. அன்று அந்த முடிச்சு விடியும்வரை தாங்கியது. அமலா தூத்துக்குடிக்கு மூட்டை கட்டவே தொடங்கிவிட்டாள்.

காலையில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவின் ஆடு, கேனுக்கு அடியில் வைத்திருந்த தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்தது. கொம்பில் நரம்பு மாட்டியது. மிரண்டு ஒரு துள்ளுத் துள்ளியது. கேன் தொட்டிக்குள் விழுந்து, தண்ணீரெல்லாம் கிருஷ்ணம்மாவின் வாசலுக்கு ஓடியது.

"ஏமி அமலா இது! என் ஆட்ட தூக்குல போடப் பாத்தியா?" என்று தெலுங்கு கலந்து கத்தினாள் கிருஷ்ணம்மா.

அமலா ஓடிவந்தாள். நரம்பைத் தூக்கிப் பார்த்தாள். நுனியில் அதே பன்றிவால் சுருள்.

அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. "அக்கா, தொழில் புத்தி என்ன ஏமாத்திடுச்சுக்கா! பாரத்த ஜெர்க் குடுக்காம மெதுவா ஏத்தணும்னு கிரேன்ல படிச்சேன். முடிச்சையும் அப்டியே சொம்பு சொம்பா ஊத்திப் பாத்தேன். மீனுக்கு எவன் கிரேன் ட்ரெயினிங் குடுத்தான்?" உடனே குரலைத் தாழ்த்தினாள். "உன் ஆட்ட சாயங்காலம் அனுப்பறியா? அகத்திக்கீரை என் செலவு."

ஆட்டுக்கு வலிக்காதபடி மார்பில் ஒரு பழைய துப்பட்டாவைச் சுற்றி, அதில் நரம்பைக் கட்டினார்கள். மறுமுனையில் முடிச்சு, வளையம், இரும்புக் குழாய். தூரத்தில் கொர்னேலியஸ் கீரைக்கட்டோடு. ஆடு பாயும், முடிச்சு நழுவும், ஆடு கீரை தின்னும். அவள் நம்பியிருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாகப் போயின. திட்ட வந்த கிருஷ்ணம்மாவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "இதுவும் ஓடிப்போச்சு! அடுத்தது!" என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் ஒன்று நின்றது. நரம்பை இரட்டையாக மடித்து வளையத்தில் நுழைத்து, தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, மிஞ்சிய கண்ணிக்குள் வளையத்தையே புகுத்தி, எச்சில் தொட்டு இறுக்குவது. ஆடு பாய்ந்தது, நின்றது, மறுபடி பாய்ந்தது, திரும்பி அமலாவைக் குற்றம் சாட்டுவதுபோலக் கத்தியது. "கீரைக்கட்ட அதுங்கிட்ட கொண்டாந்து குடுங்கண்ணா, பாவம்!" என்றாள் கிருஷ்ணம்மா.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், தூத்துக்குடி அலைதடுப்புக் கல்லில், சூசை கட்டிவைத்திருந்த தூண்டிலை அமலா தொடவில்லை. தன் நரம்பை வீசினாள். வெயில் ஏறியபோது கம்பு வளைந்தது. அடியில் இருந்தது ஒரு வெட்டு வெட்டியது. கொர்னேலியஸ் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வெட்டு. அமலா கையை இறுக்காமல் நரம்பை ஓடவிட்டாள், சுற்றினாள், மறுபடி ஓடவிட்டாள். வெள்ளியாக ஒரு பாரை கல்லோரம் புரண்டது. அவள் கம்பை மெல்ல உயர்த்த, மீன் நீரை விட்டு மேலே வந்து அந்தரத்தில் துடித்தது.

"ஏட்டி, விழுந்துரும்! இந்தா வாறேன்!" என்று சூசை வலைக்கூடையோடு பாய்ந்தார்.

அமலா அவர் பக்கம் திரும்பவில்லை. ஒரு கையில் கம்பைப் பிடித்தபடி மறு கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தொழிற்சாலையில் பாரம் தொங்கும்போது எல்லாரையும் அப்படியே நிற்கச் சொல்லுகிற கை அது. சூசை நின்றார். முடிச்சும் நின்றது.